விளையாட்டுக் கணினியும் கன்சோலும்: ஒரு சுங்கவியல், நடுக்கூடவியல், சுவடியியல் ஆய்வு

1. ஆய்வின் தேவை

விளையாட்டுக்கென்று ஒரு கணினியை உதிரி உதிரியாக வாங்கிக் கட்டுவதா, கன்சோலோடு காலத்தை ஓட்டுவதா என்னும் வினா இதுகாறும் முறைப்படி ஆராயப்படவில்லை. ஆராய்ந்தவர்கள் இல்லாமல் இல்லை. டீக்கடையிலும் மொட்டைமாடியிலும் தேர்வுக்கு முந்திய இரவிலும் இளைஞர் பலர் இதை நுணுகி ஆராய்ந்துள்ளனர். ஆனால் அவர்கள் அடிக்குறிப்பு இல்லாமல் ஆராய்ந்தார்கள். அடிக்குறிப்பில்லாத உண்மையை ஏற்கும் வழக்கம் நம் பல்கலைக்கழகங்களில் இல்லை. உண்மையில்லாத அடிக்குறிப்புக்கு அந்தத் தடை கிடையாது. இவ்வசதியை முன்னிட்டே இக்கட்டுரை எழுந்தது.

இதன் சுருக்கம் ஏற்கெனவே மூன்று கருத்தரங்குகளில் மூன்று தலைப்புகளில் வாசிக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று பன்னாட்டுக் கருத்தரங்கு. யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அது தேசியக் கருத்தரங்காயிற்று.

2. ஆய்வு எல்லை

செல்போனில் ஆடுவோர் இவ்வாய்வின் எல்லைக்குள் வாரார். ஆடுவோரில் அவர்களே பெரும்பாலோர். சேர்த்துக்கொண்டால் ஆய்வுக்கே தேவை இருக்காது.

3. முன்னோர் மரபு

நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் பெட்டியின் நகல்கள்தாம் தொண்ணூறுகளில் நம் வீடுகளுக்கு ‘டிவி கேம்’ என்ற பெயரில் வந்து சேர்ந்தன. மஞ்சள் நிறக் கேசட்டின் அட்டையில் 9999 ஆட்டங்கள் என்று அச்சிட்டிருக்கும். செருகிப் பார்த்தால் சில பத்து ஆட்டங்களே வேறு வேறு எண்களில் திரும்பத் திரும்ப வரும். மரியோ முதல் பக்கத்திலும் இருப்பார், நாற்பதாம் பக்கத்திலும் இருப்பார். நூற்பட்டியலை நீட்டும் கலையை நம் ஆய்வாளர்கள் இந்தக் கேசட்டிலிருந்துதான் கற்றனர் என்பாரும் உளர் (மொட்டைமாடி மரபு, வாய்மொழி).

4. சிறு வகைகள்

ஒலி. இரண்டிலும் கேட்கும்.

எடை. கணினி கனம். அதைத் தூக்கிக்கொண்டு வரச்சொல்லி யாரும் அழைப்பதில்லை.

சூடு. சென்னையின் மே மாதத்தில் இரண்டும் ஒன்றே.

வண்ண விளக்கு. கேபினெட்டுக்குள் ஓடும் விளக்கு வானவில்லாக மாறினால் ஆட்டம் வேகம் பிடிக்கும் என்பது நம்பிக்கை. நம்பிக்கை ஆய்வுக்கு அப்பாற்பட்டது.

விலை. பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2 அன்று வந்தது. வட்டு போடும் வகையின் அன்றைய விலை 49,990 ரூபாய். அந்த ஆண்டில் அதே தொகையைக் கையில் வைத்துக்கொண்டு நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்றைத் தேடியவர்கள் தேடிக்கொண்டேயிருந்தார்கள். கிரிப்டோ நாணயம் தோண்டுவோர் கார்டுகளை அள்ளிப் போயிருந்தனர். எத்தீரியம் 2022 செப்டம்பரில் தோண்டும் முறையையே கைவிட்டதும், கனவில் மட்டும் தெரிந்த கார்டு கடையிலும் தெரிந்தது. இவ்வளவில் கன்சோல் கட்சி வென்றது எனலாமோ எனின், ஆகாது. கன்சோலுக்குப் புதிதாக வந்த பெரிய ஆட்டம் ஒன்றுக்கு அப்போதே 4,999 ரூபாய் எடுத்து வைக்க வேண்டியிருந்தது. பிளேஸ்டேஷன் 4 காலம் தொட்டு இணையத்தில் நாலு பேரோடு ஆடப் பெரும்பாலும் சந்தாவும் கட்ட வேண்டும். கணினிக்காரனோ ஸ்டீம் கடையின் தள்ளுபடிக்குக் காத்துக் கிடப்பான். 2020 மே மாதத்தில் எபிக் கடை ஜிடிஏ 5 ஆட்டத்தை ஒரு வாரம் இலவசமாகவே கொடுத்தது. அவன் அதைப் பெற்றுக்கொண்டு ஆடாமல் வைத்திருப்பான். மறுபக்கம், கன்சோல் வட்டை ஆடி முடித்ததும் விற்கலாம், நண்பனுக்குக் கொடுத்து நட்பை இழக்கலாம். கணினி ஆட்டத்தை விற்க வழியில்லை. ஆக, முதலில் மலிந்தது பின்னர் கனக்கும், முதலில் கனத்தது பின்னர் மலியும். இரண்டு கோடுகளும் எங்கோ வெட்டிக்கொள்ளும். அந்தப் புள்ளியைக் காட்டும் வரைபடம் இங்கே இணைக்கப்பட வேண்டும். யாருக்கும் விளங்காத வரைபடம் ஒன்றாவது இருந்தால்தான் ஆய்வேடு கனக்கும் என்றாலும், தாள் விலை கருதி விடப்படுகிறது.

5. சுங்கவியல் சான்று

இரண்டும் உள்ளே வேறு வேறு பொருள்கள் என்று கருதுவோர் பெட்டியைத் திறந்து பார்க்காதோர். 2001இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட முதல் எக்ஸ்பாக்ஸுக்குள் இருந்தது இன்டெல் பென்டியம் 3 இனத்துச் சில்லு, கூடவே ஒரு ஹார்ட் டிஸ்க். அதாவது, தொலைக்காட்சிக்கு அடியில் அடக்கமாக உட்கார்ந்த ஒரு கணினி. பிளேஸ்டேஷன் 5க்குள் ஏஎம்டியின் எட்டுக் கோர் ஜென் 2 சில்லும் 16 ஜிபி நினைவகமும் உள்ளன. இதே குடும்பத்துச் சில்லைத்தான் கணினி கட்டுவோரும் கடை கடையாக ஏறி வாங்குகிறார்கள்.

சில்லில் வேறுபாடு இல்லையாயின் வேறெங்கே? சுங்க அட்டவணையில் என்க. அந்த அட்டவணையின்படி கணினி 8471 என்னும் தலைப்பில் வரும். அது இடம்பெறுவது 84ஆம் அத்தியாயம். அந்த அத்தியாயத்தின் பெயரே அணு உலைகள், கொதிகலன்கள் என்றுதான் தொடங்குகிறது. கன்சோலோ 9504. அங்கே அதன் அக்கம்பக்கத்தார் பில்லியர்ட்ஸ் மேசையும் சீட்டுக்கட்டும். ஆகவே கணினி வாங்குபவன் அணு உலைக்குப் பங்காளி, கன்சோல் வாங்குபவன் சீட்டாடிக்குச் சம்பந்தி. 2018 முடியும்வரை கன்சோலுக்கு 28 விழுக்காடு ஜிஎஸ்டி இருந்தது. 2019 ஜனவரி 1 முதல் அது 18 ஆயிற்று. வரி இறங்கியது, அத்தியாயம் மாறவில்லை. சீட்டுக்கட்டின் பக்கத்து வீடு அப்படியே இருக்கிறது.

இக்கறையைத் துடைக்க சோனி பட்ட பாடு ஆய்வாளர் அனைவரும் அறியத்தக்கது. ஐரோப்பாவில் பிளேஸ்டேஷன் 2 விற்றபோது கூடவே தந்த வட்டில் பேசிக் மொழி ஒன்றையும் போட்டுக் கொடுத்தார்கள். நிரல் எழுதலாம், எனவே இது கணினி, எனவே விளையாட்டுச் சாமான் என்று வகைப்படுத்தாதீர்கள் என்பது வாதம். 2003இல் லக்சம்பர்க்கில் உள்ள நீதிமன்றம், ஐரோப்பிய ஆணையம் போட்ட வகைப்பாட்டு விதியை ரத்தும் செய்தது. அடுத்து வந்த பிளேஸ்டேஷன் 3இல் லினக்ஸையே ஏற்றிக்கொள்ளலாம் என்றார்கள். வாங்கியவர்கள் அதை நம்பி ஏற்றினார்கள். 2010 ஏப்ரல் 1 அன்று வந்த மென்பொருள் மாற்றத்தோடு அந்த வழி அடைபட்டது. சுங்க அதிகாரி எதிரே நிற்கையில் அது கணினி, வாங்கியவன் எதிரே நிற்கையில் விளையாட்டுச் சாமான். இந்நுண்மை அடுத்த இயலுக்கும் அதற்கடுத்த இயலுக்கும் இன்றியமையாதது. பின்னர் விரிவாகக் காண்போம். (‘பின்னர் விரிவாகக் காண்போம்’ என்று எழுதிய ஆய்வேடுகளில் பின்னர் எங்கே கண்டார்கள் என்று தேடுவது தனி ஆய்வு. நெறியாளர் கிடைத்தால் செய்யலாம்.)

6. நடுக்கூடவியல்

பிளேஸ்டேஷன் 5, 4கே தெளிவில் நொடிக்கு 120 ஃப்ரேம்வரை திரைக்கு அனுப்ப வல்லது. மாலை ஆறு முதல் இரவு பத்துவரை அது அனுப்பும் ஃப்ரேம்களின் எண்ணிக்கை பூஜ்யம். நெடுந்தொடர் ஓடுகிறது. கன்சோலின் ஆற்றலை அளக்கும் எந்த அட்டவணையும் வீட்டின் ஒரே தொலைக்காட்சி நடுக்கூடத்தில் இருப்பதையும், ரிமோட் பாட்டியின் தலையணைக்கடியில் இருப்பதையும் கணக்கில் கொள்வதில்லை. விளம்பர இடைவேளையில் ஆடிக்கொள்ளலாமே எனின், பெட்டியைப் போட்டு ஆட்டத்துக்குள் நுழைவதற்குள் மருமகள் மறுபடி அழத் தொடங்கிவிடுவாள்.

கணினிக்குச் சொந்தத் திரை உண்டு. அத்திரை ஓர் அறையில் இருக்கும். அவ்வறைக்குக் கதவு இருக்கும். ஒரு கணினியின் விலையில் கதவுக்குரிய பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொன்னதில்லை. பெரும்பங்கு அதற்கே என்பது எம் கருத்து (காண்க: தாழ்ப்பாள் மரபு, நள்ளிரவுப் பகுதி, அம்மா தட்டுவதற்கு முன்).

7. சுவடியியல்: கடைப் பிரதியும் அப்பாப் பிரதியும்

கணினி கட்டியோர் பின்வருவோருக்கு விட்டுச்செல்லும் எழுத்துச் சான்று ஒன்றே: கொட்டேஷன் தாள். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் இத்தாள்கள் நாள்தோறும் பிறக்கின்றன. பிராசசர், மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கேபினெட், மானிட்டர், கூலர், கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்பது வரிகள் கொண்டது கடைப் பிரதி. வீட்டுக்கு வந்து சேரும் பிரதியில் எட்டே வரிகள். இதை அப்பாப் பிரதி என்று வழங்குவோம். விடுபட்டது கிராபிக்ஸ் கார்டு. வியப்பு என்னவெனில், இரண்டு பிரதிகளிலும் கூட்டுத்தொகை ஒன்றே. ஒன்பதாம் வரி இல்லாத பிரதியில் கேபினெட்டின் விலை மட்டும் பலமடங்கு பருத்திருக்கிறது.

இப்பாடபேதம் குறித்து அறிஞரிடையே மூன்று கொள்கைகள் நிலவுகின்றன.

இடைச்செருகல் கொள்கையினர் கூறுவது: மூல ஆசிரியன் படிப்புக்கே கணினி கேட்டான். கிராபிக்ஸ் கார்டு பிற்காலத்தில் நண்பர்கள் நுழைத்தது. அவ்வரி வேறு மையில் இருப்பதே சான்று. மறுப்போர் கூறுவது: வேறு மையானது கடைக்காரரின் பேனா தீர்ந்துபோனதால், காலத்தால் அன்று.

மூலக் கொள்கையினர் கூறுவது: கார்டு ஒன்றே மூலம். மற்ற எட்டு வரிகளும் அதற்கு எழுந்த உரை. கார்டை முதலில் முடிவு செய்துவிட்டு, அது நிற்பதற்கொரு மதர்போர்டும், அது குடிப்பதற்கொரு எஸ்எம்பிஎஸ்ஸும் தேடிய வரலாறு இக்கொள்கைக்கு அரண்.

மூன்றாவது, அம்மா மரபு. இரண்டு பிரதிகள் இருப்பது முதல் நாளே தெரியும், சொல்லத்தான் இல்லை என்பது இம்மரபின் நிலைப்பாடு. இம்மரபினர் ஆய்வுக்கட்டுரை எழுதுவதில்லை. ஆகவே இவர்கள் கருத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்பர் துறைத்தலைவர்கள்.

அடுத்து, எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் என்ற சிக்கல். தாளில் அவ்விடத்தில் டீக்கறை. 550 என்று படிப்பார் வாங்க வந்தவர், 650 என்று படிப்பார் விற்க வந்தவர். இரண்டும் பொருந்தும் என்று படிப்பார், இரு சாரார் நடத்தும் கருத்தரங்குக்கும் அழைப்பு எதிர்பார்ப்பவர். எம் துணிபு 650 (ரிச்சி தெரு, மாடிக்கடைச் சுவடி, பின்பக்கம், டீக்கறைக்கு வடகிழக்கே இரண்டாம் வரி, ஒப்புநோக்குக: பக்கத்து மேசைப் பையன் சொன்ன விலை, மேலும் ஒப்புநோக்குக: முதலாளி வந்ததும் அதே பையன் திருத்திச் சொன்ன விலை, இதனை மறுப்பதற்குக் காண்க: எதிர்க்கடை, எதிர்க்கடையை மறுப்பதற்குக் காண்க: எதிர்க்கடைக்காரர் இக்கடைக்காரரின் மைத்துனர் என்னும் செய்தி, சமோசா விற்பவர் வாய்மொழி, சமோசா வாங்கிய பிறகு).

அப்பாப் பிரதியின் தலைப்பில் ‘படிப்புக்கு’ என்றும், அடியில் ‘கீபோர்டு, மவுஸ் ஃப்ரீ’ என்றும் உள்ளன. சொற்களை இடம்விட்டு இடம் கொண்டுகூட்டிப் பொருள் உரைத்ததற்காக உரையாசிரியர் நச்சினார்க்கினியரைப் பிற்காலத்தார் கடிந்தனர். இங்கே அவர் முறையே உண்மையைக் காட்டுகிறது. முதல் வரியைக் கடைசி வரியோடு கூட்டி, இடையில் உள்ளவற்றை விலக்கிப் படிக்க, படிப்புக்கென்று வந்தவை இலவசமாகக் கிடைத்த கீபோர்டும் மவுஸும் மட்டுமே என்னும் பொருள் தெள்ளிதிற் புலப்படும்.

கன்சோலுக்கு அப்பாப் பிரதி கிடையாது. பெட்டியின் மேலேயே விளையாடும் கருவியின் படம் பளிச்சென்று இருக்கும். இதைச் ‘செமஸ்டர் ப்ராஜெக்ட்’ என்று சொல்லி உள்ளே கொண்டுவர முடியாது. ஐந்தாம் இயலில் கண்ட வழக்கின் உட்பொருள் இப்போது விளங்கும்: பேசிக் வட்டைப் போட்டு சோனி எழுதியதும் ஓர் அப்பாப் பிரதியே. அங்கே அப்பா சுங்கத்துறை. கன்சோலை மெய்யாகவே படிப்புக்கு வாங்கிய வீடும் ஒன்று உண்டு. அமெரிக்க விமானப்படையின் ஆய்வுக்கூடம் 1,760 பிளேஸ்டேஷன் 3 பெட்டிகளைக் கோத்து 2010இல் கான்டோர் என்னும் மீக்கணினியை உருவாக்கியது. சொன்ன சொல் தவறாமல் அதில் கணக்குத்தான் போட்டார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் எடுத்துக்காட்ட ஏற்ற முன்மாதிரி. ஆனால் எந்த அப்பாவும் 1,760 வாங்கித் தரமாட்டார்.

8. முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படுவன: சில்லால் வேறுபாடு இல்லை. ஜிஎஸ்டியால் வேறுபாடு இல்லை. காசால் உள்ள வேறுபாடு சில ஆண்டுகளில் கரைந்துவிடும். எஞ்சுவது, யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்னும் ஒன்றே. சாமானைத் தேர்ந்தெடுப்பதாக எண்ணிக்கொண்டு நாம் சாக்கைத் தேர்ந்தெடுக்கிறோம்.

ஆகவே தீர்ப்பு. வேலை முடிந்து வந்து ஆட மட்டும் நினைப்பவர் கன்சோல் வாங்குக. அதை ஆடத்தான் வாங்கினேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வாங்குக. நெடுந்தொடர் நேரத்துக்கு மட்டும் ஓர் உடன்படிக்கை தேவைப்படும். படமோ பாட்டோ வெட்டி ஒட்டும் வேலையும் உடையவர், அல்லது ஆடுவதைவிடத் திருப்புளியோடு உட்காருவதையே விரும்புபவர், கணினி கட்டுக. ஒன்பது வரிகளையும் எழுதிக் காட்டிக் கட்டுக. இரண்டில் எது என்று இன்னும் ஒப்பிட்டுக்கொண்டே இருப்பவருக்கு எதுவும் தேவையில்லை. அவர் ஆடும் ஆட்டம் அதுதான், அதற்கு மின்சாரமும் செலவாகாது.

கடைசியாக, இதைப் படிக்கும் அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை: கேபினெட் அவ்வளவு விலை இல்லை.