சுண்டெலிக்கும் சட்டம் உண்டு

கேள்வி: எங்கள் வீதியில் எலிக்குப் பஞ்சமே இல்லை. ஆய்வுக்கூடங்கள் காசு கொடுத்து வாங்குவானேன்? இங்கே வந்து பிடித்துப் போகலாமே!
– இல்லத்தரசி, ஸ்ரீரங்கம்

பதில்: உங்கள் வீட்டு எலியின் வயது தெரியாது, தாய் தகப்பன் தெரியாது, எந்தச் சாக்கடை வழியாக வந்தது என்றும் தெரியாது. எலிக்காய்ச்சல் கிருமியோடு வந்திருந்தால், மருந்து வேலை செய்கிறதா நோய் வேலை செய்கிறதா என்று பிரித்துச் சொல்ல எவராலும் முடியாது. ஆய்வுக்கு வருபவை வம்சாவளி எழுதி வைத்து வளர்க்கப்பட்டவை. ‘சி57பிஎல்’ என்ற கறுப்புச் சுண்டெலி வம்சம் 1921இலிருந்து தொடர்கிறது. மேலும், 1998ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவுபெற்ற வளர்ப்பிடங்களில்தான் வாங்க வேண்டும். உங்கள் எலிக்கு அந்தத் தகுதி இல்லை, அதன் நல்ல காலம்!

கேள்வி: திருச்சி வெயிலில் நமக்கே மூச்சு முட்டுகிறது. கூண்டில் அடைபட்ட எலி என்ன பாடுபடும்?
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பொன்மலை

பதில்: நம்மைப் போல வியர்த்துத் தணியும் உடம்பு அதற்கு இல்லை. அரசின் வழிகாட்டு நெறிகள் 18 முதல் 29 டிகிரி வெப்பம், 30 முதல் 70 சதவீதம் ஈரப்பதம் என்கின்றன. மே மாதத்தில் 40ஐத் தொடும் ஊரில், கரண்ட் போனதும் ஓடும் ஜெனரேட்டர் இல்லாதவர்கள் அனிமல் ஹவுஸ் வைக்கவே கூடாது. எலிகளை ஏற்றிவரும் வண்டியும் உச்சிவெயிலில் வரக் கூடாது. வந்து இறங்கியதும் ஊசியோடு போகாமல் ஒரு வாரமாவது அவற்றைப் பழக விட வேண்டும்.

குளிர்சாதனம் மட்டும் போட்டால் போதாது. நமக்கு இதமான 22 டிகிரி சுண்டெலிக்குக் குளிர். அது தேடுவது ஏறக்குறைய 30. அதனால் கூடு கட்டிக்கொள்ளக் காகிதத் துண்டுகள் கொடுக்க வேண்டும். கீழே பரப்ப, கிருமி நீக்கிய உமி. காவிரிக் கரையில் உமிக்கா குறைச்சல்! 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு. நம் காதுக்கு எட்டாத மீயொலி அதற்குக் கேட்கும். பக்கத்தில் கருவி ஓடினால் நமக்கு நிசப்தம், அதற்கு இரைச்சல். வாலைப் பிடித்துத் தூக்குவதையும் விட வேண்டும். குழாய்க்குள் நடக்கவிட்டோ உள்ளங்கையில் ஏந்தியோ எடுத்தால் பயம் குறைகிறது என்று லிவர்பூல் ஆய்வாளர்கள் 2010இலேயே காட்டிவிட்டார்கள். பயந்த எலியின் ரத்தத்தில் அச்சத்தின் ஹார்மோன்கள் ஓடும்; அதை வைத்து எழுதிய முடிவை நம்ப முடியாது.

கேள்வி: நாங்கள் தவளை, எலி எல்லாம் அறுத்துப் படித்தோம். என் மகள் கணினியில் பார்க்கிறாள். இது படிப்பாகுமா?
– விலங்கியல் பட்டதாரி, தில்லைநகர்

பதில்: தாராளமாக ஆகும். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் பாருங்கள். புத்தகம், மாதிரி, திரைப்படம் போதுமென்றால் கல்லூரிகள் உயிரினத்தைத் தொட வேண்டாம் என்கிறது. அந்தச் சட்டம் வரக் காரணமாக இருந்தவர் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று நேரு உறுதி தந்தார். ஆனால் பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் கட்டுப்பாடு கொண்டுவந்து, 2014இல்தான் விலங்கியல் வகுப்புகளில் அறுப்பதை முற்றிலும் நிறுத்தியது. 54 ஆண்டுகள்! அதற்குள் எத்தனை உயிர்கள் வீணாகப் போயின என்று நினைத்தால் மனம் கொதிக்கிறது.

இந்த மாற்றத்தில் நம் ஊருக்கும் பங்குண்டு. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் சுவிட்சர்லாந்து அறக்கட்டளை ஒன்றின் உதவியோடு மகாத்மா காந்தி – டோரன்காம்ப் மையம் தொடங்கப்பட்டது. பேராசிரியர் அக்பர்ஷா தலைமையில், உயிரைக் கொல்லாமல் உயிரியல் கற்பிக்கும் வழிகளை ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆய்வு முடிந்ததும் எலியை விட்டுவிடுவார்களா?
– பள்ளி மாணவன், உறையூர்

பதில்: இல்லை தம்பி. பெரும்பாலும் வலி தெரியாமல் கொன்றுவிடுவார்கள். இதை மறைப்பது உனக்கும் மரியாதை அல்ல, எலிக்கும் மரியாதை அல்ல. அதனால்தான் மாற்று வழி தேடு, எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை என்று விஞ்ஞானிகள் ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இல் எழுதினார்கள். இந்தியாவில் 2014 முதல் அழகுசாதனப் பொருள்களை விலங்குகள் மீது சோதிக்கத் தடை. புது மருந்துக்கு விலங்கில்லாச் சோதனைகளையும் ஏற்கலாம் என்று 2023இல் விதி திருத்தப்பட்டது.

கேள்வி: ஆய்வுக்கூடக் கொடுமையைக் கண்டித்து நீங்கள் ஏன் கடுமையாக எழுதுவதில்லை?
– கடை உரிமையாளர், சத்திரம் பேருந்து நிலையம்

பதில்: எழுதுகிறேன். கூடவே, கடையில் விற்கும் எலி பிடிக்கும் பசை அட்டையையும் கண்டிக்கிறேன். அதில் ஒட்டிய எலி மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் துடித்துச் சாகிறது. ஆய்வுக்கூடத்தில் இப்படிச் செய்ய எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது.

கேள்வி: ஆய்வுக்கூடத்தில் விதிப்படி நடக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்?
– கல்லூரி மாணவி, காஜாமலை

பதில்: விலங்குகள்மீது ஆய்வு செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு நெறிமுறைக் குழு இருக்க வேண்டும். எலி ஆய்வுக்கு அனுமதி தருவது அதுதான். அதில் கால்நடை மருத்துவர் உண்டு, வெளி நிறுவன விஞ்ஞானி உண்டு, விலங்கு ஆய்வுகளைக் கண்காணிக்கும் மத்தியக் குழுவின் பிரதிநிதி உண்டு. விஞ்ஞானி அல்லாத, சமூக அக்கறையுள்ள ஒருவருக்கும் அங்கே ஓர் இடம் உண்டு. வாசகர்களே, நாளை அந்த இடம் உங்களைத் தேடி வரலாம். வந்தால் தாளில் கையெழுத்திட்டுத் தேநீர் குடித்துத் திரும்பாதீர்கள். ‘50 எலி எதற்கு, 30 போதாதா?’ என்று கேளுங்கள். கூண்டுகளை நேரில் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.