எந்த பேட்ச் நீங்க?

கருங்குழி பஸ் நிறுத்தத்தில் இறங்கும் ஐம்பதைத் தாண்டிய எவரும் இவரிடமிருந்து தப்ப முடியாது. உடம்பு எப்படி, பிள்ளைகள் எங்கே என்றெல்லாம் விசாரிக்க மாட்டார். "எந்த பேட்ச் நீங்க?" என்பார். எண்பத்தி மூணு என்று வாய் தவறிச் சொன்னால் தீர்ந்தது. தோளில் தொங்கும் ரெக்ஸின் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வரும், அதிலிருந்து ஒரு குரூப் போட்டோ வரும். மூன்றாவது வரிசையில் இடமிருந்து ஐந்தாவதாக நிற்கும் பையன் யார் என்று சொல்லும்வரை, அவர் வாங்கித் தந்த டீ ஆறிக்கொண்டே இருக்கும்.

ஜி.எஸ்.டி. சாலை நெடுக, அரசுப் பள்ளி இருக்கிற ஊரிலெல்லாம் இப்படி ஒருவரைப் பார்க்கலாம். மின்வாரியத்திலோ போக்குவரத்துக் கழகத்திலோ ரிட்டையர் ஆனவராக இருப்பார். முன்னாள் மாணவர் சங்கம் தொடங்கியபோது தலைவர் பதவி மனை விற்பவருக்கும் பொருளாளர் பதவி ஜவுளிக்கடைக்காரருக்கும் போய்விட்டது. மிச்சமிருந்தது பள்ளி வரலாற்றைத் தொகுக்கும் வேலை. "சும்மா ஒரு மலர் போடணும்ண்ணா, பத்துப் பக்கம் வந்தா போதும்" என்றார்கள். அவரோ அதையே இரண்டாவது சர்வீஸாக ஆரம்பித்துவிட்டார்.

முதல் சிக்கல், பள்ளி எப்போது பிறந்தது என்பது. நம் அரசுப் பள்ளிகளில் பலவற்றுக்கு ஒரு பிறந்தநாள் கிடையாது. தொடக்கப் பள்ளியாக ஒரு வருடம் பிறக்கும், நடுநிலையாக இன்னொரு வருடம், பிறகு உயர்நிலை, 1978இல் பிளஸ் ஒன் வந்த பிறகு மேல்நிலை. இவருக்கு வேண்டியது இருப்பதிலேயே பழைய தேதி. நூறு ஆண்டைக் கடந்த அரசுப் பள்ளிகளுக்கு 2025இல் அரசே நூற்றாண்டுத் திருவிழா எடுத்தபோது அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரு பழைய ரசீது, ஒரு கல்வெட்டு, ஒரு தாத்தா, எது கிடைத்தாலும் போதும் என்று அலைந்தார்.

தாத்தா கிடைக்கவில்லை. கலெக்டர் கிடைத்தார். கருங்குழி சாதாரண ஊரா? கர்நாடகப் போர்கள், மைசூர்ப் போர்களின் காலத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஹைதர் அலியும் மாறி மாறிக் குறிவைத்த கோட்டை இங்கே இருந்தது. ஒரு காலத்தில் மாவட்ட கலெக்டரின் கச்சேரியே இந்த ஊரில்தான். பக்கத்து மதுராந்தகம் ஏரி உடையாமல் ராமரும் லட்சுமணரும் வில்லோடு காவல் நின்றதைக் கண்டதாக ஊர் சொல்லும் லயனல் பிளேஸ் துரை 1790களில் இந்தப் பகுதியின் கலெக்டர். "துரை இருந்தா ஆபீஸ் இருக்கும். ஆபீஸ் இருந்தா குமாஸ்தா இருப்பான். குமாஸ்தாவுக்குப் புள்ள இருக்கும். புள்ளைக்குப் பள்ளிக்கூடம் வேணாமா?" தர்க்கத்தில் ஓட்டை இல்லை, ஆதாரம்தான் இல்லை. 1822இல் கவர்னர் தாமஸ் மன்றோ ஒவ்வொரு கலெக்டரிடமும் திண்ணைப் பள்ளிகளின் கணக்கைக் கேட்டு வாங்கியதையும், அந்தக் கணக்குகளைத் தரம்பால் 1983இல் நூலாக வெளியிட்டதையும் யாரோ சொன்னார்கள். திண்ணைப் பள்ளி வேறு, போர்டு பள்ளி வேறு என்று தமிழாசிரியர் எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. மலரின் அட்டையில் 'தோற்றம்: கலெக்டர் காலம்' என்று போட்டாயிற்று.

வள்ளலார் தண்ணீரில் விளக்கு எரித்ததும் இதே மண்ணில்தான் என்று உள்ளே ஒரு பக்கம். கடலூர் மாவட்டத்திலிருந்து ஒருவர் போன் செய்து, "அது எங்க ஊர் கருங்குழிங்க, வடலூருக்குப் பக்கத்துல" என்றார். மறு அச்சில் வரியை எடுக்கவில்லை. 'என்றும் கூறுவர்' என்று சேர்த்துக்கொண்டார்.

மாற்றுச் சான்றிதழ்களைத் தொகுத்தபோது மட்டும் நிஜமாகவே ஒரு நல்ல பக்கம் அமைந்தது. அண்ணன் டி.சி.யில் செங்கல்பட்டு மாவட்டம், தம்பியினுடையதில் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம், 1997க்குப் பிறகு படித்த மகனுக்குக் காஞ்சிபுரம் மாவட்டம், 2019 நவம்பருக்குப் பிறகு பேத்திக்கு மறுபடி செங்கல்பட்டு. பள்ளிக்கூடம் ஒரு அடி நகரவில்லை.

போட்டோ விஷயத்தில் அவர் டாக்டர் மாதிரி. நோயாளியைக் குணப்படுத்தியே தீருவேன் என்று கொல்கிற டாக்டர். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டினார். ஆண்டுகள் போக அது பழுப்பேறி, தலைமையாசிரியர் முகத்தில் பட்டை பட்டையாக இறங்கிவிட்டது. பிறகு எல்லாவற்றையும் லேமினேஷன் செய்தார். அந்தச் சூட்டில் ஒட்டியதை இனிப் பிரிக்க வழியில்லை. பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதிய பெயர்கள் முன்பக்கத்தில் தழும்பாகத் தெரிகின்றன. மென்மையான பென்சிலால் எழுதுங்கள், அமிலமில்லாத காகித உறையில் போடுங்கள் என்று சென்னை ரோஜா முத்தையா நூலகத்துக்குப் போய்வந்த ஒரு ஜூனியர் சொன்ன நாளிலிருந்து கொஞ்சம் அடங்கியிருக்கிறார்.

அந்த ஜூனியர் சொன்ன இன்னொன்று அவருக்குச் சரிப்படவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று மற்றவர்கள் தூக்கிப் போடுவதையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு, அந்தச் சேகரிப்பின் மேல்தான் இன்றைய ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதைக் கண்ட ஈழத்தமிழர்களோ 2005இல் 'நூலகம்' என்ற மின்னூலகத்தைத் தொடங்கி, பள்ளிக்கூட மலர்களைக்கூட விடாமல் ஸ்கேன் செய்து ஏற்றுகிறார்கள். "நம்ம ஊர்ல எவனும் எரிக்கலப்பா, கரையான்தான்" என்றார் இவர். எல்லாவற்றையும் சேர்க்கச் சம்மதமில்லை. இவருடைய ஃபைலுக்குள் நுழைய மாநில ரேங்க், கலெக்டர் கை குலுக்கல், வெளிநாட்டு வேலை, இவற்றில் ஒன்றாவது வேண்டும். ஃபெயிலானவர்களின் ரேங்க் கார்டை, "எதுக்கு அசிங்கம்?" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

பள்ளியின் உண்மையான சரித்திரம் இருப்பது சேர்க்கைப் பதிவேட்டில். துணி முதுகு போட்ட அந்தத் தடிப் புத்தகம் பீரோவில் இருக்கும், சாவி எச்.எம்.மிடம் இருக்கும், எச்.எம். மீட்டிங்கில் இருப்பார். திறந்து பார்த்தால் ஊரில் பாதிப் பேர் ஜூன் மாதம் பிறந்திருக்கிறார்கள். தலைக்கு மேல் கையை வளைத்து எதிர்க் காதைத் தொட்டால் ஐந்து வயது, சேர்த்துக்கொள்ளும் வாத்தியார் எழுதியதே பிறந்த தேதி. அங்க அடையாளமாக மச்சங்கள். கடைசிக் கட்டத்தில், நின்ற காரணம். 'மேற்படிப்பு' என்று சில, 'நீண்ட நாள் வராமை' என்று பல. ஏன் வரவில்லை என்று எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை.

அதை எழுதியவர்கள் வெளியேதான் எழுதினார்கள். மதுராந்தகம் வட்டாரத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட தன் வாழ்க்கை வரலாற்றில், கோயம்புத்தூரில் படித்தபோது தன் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் பிள்ளைகளோடு விளையாடாமல் ஒதுங்கியிருந்ததைச் சொல்கிறார். நம் ஆவணக்காரர் அவர் படத்தை 'வட்டாரப் பெருமை' பக்கத்தில் பெரிதாகப் போட்டார். வட்டமேஜை மாநாட்டுக்குப் போனதைப் பற்றிப் பத்து வரி. பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

போன ஜூனில் பள்ளி அலுவலகத்துக்கு ஒரு அம்மா வந்தார். முதியோர் உதவித்தொகைக்கு வயதுச் சான்று வேண்டுமாம். பழைய பதிவேட்டில் பெயரைத் தேடிப் பிடிக்க இவரை விட்டால் ஆளில்லை என்று கிளார்க் கைகாட்டினார். கிடைத்தது: ஏழாம் வகுப்பு, நீண்ட நாள் வராமை. பிறந்த தேதி, இவருக்குப் போட்டிருக்கும் அதே தேதி.

"அண்ணனும் நம்ம செட்டுதானா?" என்றவர் மேஜையில் கிடந்த குரூப் போட்டோவை இழுத்துப் பார்த்தார். அந்த வருடம் அவர் பள்ளியிலேயே இல்லை. பிள்ளைகள் போட்டோவுக்கு நின்றபோது கேட்டுக்கு வெளியே மாடு மேய்த்துக்கொண்டிருந்தாராம். மூன்றாவது வரிசையை இடமிருந்து வலமாக ஒப்பித்தார். பட்டப்பெயரோடு, வீட்டுப்பெயரோடு, இன்றைக்கு யார் எங்கே என்பதோடு. கடைசியாக ஓரத்தில் நின்றவனைத் தொட்டு, "இது டவுசர் கிழிஞ்சி அழுதானே, அந்தப் பையன்" என்றார். ஆவணக்காரர் சட்டென்று போட்டோவைத் திருப்பி வைத்தார். பிறகு பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"அந்த அஞ்சாவது ஆளு பேரு இன்னொரு வாட்டி சொல்லும்மா. மேல் வரிசையும் தெரியுமா?"

"எல்லாம் தெரியும். மொதல்ல என் சர்ட்டிபிகேட்ட வாங்கிக் குடுண்ணா."