திங்கப் போற பேராண்டிக்கு நாலு வார்த்தை

பேராண்டி, நீ அனுப்புன பட்டியலைக் கண்ணாடி போட்டு ரெண்டு தடவை படிச்சேன். தீபாவளிக்கு நாலு நாள் லீவு. மொத நாள் காலையில திண்டுக்கல் பிரியாணி, பதினோரு மணிக்கு மதுரை ஜிகர்தண்டா, மத்தியானம் விருதுநகர் எண்ணெய் புரோட்டா, சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, ராத்திரிக்குக் கோவில்பட்டி கடலைமிட்டாய். மறுநாள் உடன்குடியில பதனி. மூணாம் நாள் நம்ம கம்பத்துல திராட்சைத் தோட்டம், ஒயின். நாலாம் நாள் குமரகத்துல கள்ளுக்கடை, கரிமீன். அடேயப்பா! எல்லாத்துக்கும் மணி போட்டுருக்க. வயித்தால போறதுக்கு மட்டும் மணி போட மறந்துட்ட. அதுக்கும் ஒரு அரை நாள் ஒதுக்கி வையி. எப்படியும் ஆகும்.

உன்னை வையலப்பா. பெங்களூருல கம்ப்யூட்டரத் தட்டுற புள்ளைக்கு ஊர்த் தீனி மேல இம்புட்டு ஆசை வந்ததே பெரிய விசயம். ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. உனக்கு லீவு எப்பன்னு உங்க மேனேஜருக்குத் தெரியும். பனைமரத்துக்குத் தெரியாது.

பனை பாளை விட்டுப் பதனி ஓடுறது மாசி, பங்குனியிலருந்து. சித்திரை, வைகாசியில நல்லா ஓடும். அதுக்கப்புறம் மரம் அடங்கிரும். நீ ஐப்பசி அடைமழையில போயி நின்னு பதனி கேட்டா, பனையேறி உன்னை மேலயும் கீழயும் பாத்துட்டு ஒண்ணும் பேசாமப் போயிருவாரு. ரோட்டோரத்துல நிக்கிற ஒருத்தன்தான் கையத் தட்டிக் கூப்பிட்டுக் குடுப்பான். நீயும் குடிச்சிட்டு, ‘ஆகா, இயற்கை பானம்’னு போட்டோ போடுவ. அது சாக்கரின் கரைச்ச தண்ணி. போட்டோவுல பொய் ஒண்ணும் இல்ல. தண்ணியும் இயற்கைதானே.

நெசப் பதனி குடிக்க ஆசையிருந்தா சித்திரையில தனியா ஒரு நடை போ. விடியக்காலையில தேரிக்காட்டுப் பக்கம் போயி மரத்தடியில நில்லு. கலயத்துக்கு உள்பக்கம் சுண்ணாம்பு தடவி மரத்துல கட்டியிருப்பாங்க. ராத்திரி பூரா சொட்டுச் சொட்டா விழுந்தது புளிக்காம நிக்கிறது அந்தச் சுண்ணாம்பாலதான். இறக்கி, வடிகட்டி, பனையோலையை மடிச்சுப் பட்டை கட்டி அதுல ஊத்துவாங்க. ரெண்டு நுங்கைக் கீறிப் போட்டுக் குடுத்தா வேணாம்னு சொல்லாத. பட்டையோட ரெண்டு காதையும் கையில பிடிச்சு, மூஞ்சிய உள்ளுக்குள்ள விட்டுக் குடிக்கணும். சட்டையில ஊத்திக்குவ. ஊத்தலேன்னா உனக்குப் பட்டை பிடிக்கத் தெரியும்னு அர்த்தம். உனக்குத் தெரியாது.

இந்த எடத்துல சட்டமும் கொஞ்சம் படிச்சுக்க. பனை நம்ம மாநில மரம். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்ல. அது வடிக்கிறதுல சுண்ணாம்பு இருந்தா பதனி, தெருவுல வச்சு விக்கலாம். சுண்ணாம்பு இல்லேன்னா கள்ளு, 1987லருந்து தடை. ஒரு விரல் சுண்ணாம்புதான் உத்தமனுக்கும் குத்தவாளிக்கும் நடுவுல நிக்குது. கோதுமைக்கலர்ல பாட்டில்ல அடைச்சது வேணும்னா சங்கடமே இல்ல. 2003லருந்து அரசாங்கமே கடை வச்சு ஊத்துது. பனைமரத்தடியில உக்காந்து பால் குடிச்சாலும் கள்ளுன்னுதான் ஊரு சொல்லும். அதனால நான் பனைமரத்தடியில பாலும் குடிக்கிறதில்ல.

சரி, திராட்சைக்கு வா. ஒயின் தோட்டம் பாக்கணும்னு நீயும் உன் பொஞ்சாதியும் மொதல்ல நாசிக் போறதாத்தான இருந்தீங்க? நல்ல எடம்தான், சுலா மாதிரிப் பெரிய ஒயின்காரங்க இருக்கிற சீமை. ஆனா நீ பாத்து வச்சிருந்தது ஜூலை மாசம். அங்க வருசத்துக்கு ரெண்டு கவாத்து வெட்டுவாங்க, அறுப்பு ஒண்ணுதான். அக்டோபர்ல வெட்டுன கவாத்துக்கு ஜனவரியிலருந்து மார்ச் வரைக்கும் கொலை அறுப்பாங்க. ஜூலையில போனா இலை பாக்கலாம், மழை பாக்கலாம். இலை பாக்க எதுக்குடா பிளேன் டிக்கெட்டு? நம்ம வீட்டு முருங்கையில இல்லாத இலையா?

நம்ம கம்பம் பள்ளத்தாக்கு அப்படியில்ல. இங்க ஒவ்வொரு கவாத்துக்கும் ஒரு அறுப்பு உண்டு. ரெண்டு வருசத்துல அஞ்சு அறுப்பு எடுக்கிற தோட்டமும் இருக்கு. கவாத்து வெட்டுன நாலு மாசத்துல கொலை கறுத்துரும். ஒருத்தரு தோட்டத்துல பூவு, இன்னொருத்தரு தோட்டத்துல பழம், அதனால வருசம் பூராவும் எங்கயாச்சும் அறுப்பு நடக்கும். இந்தப் பன்னீர் திராட்சையை 1832ல ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரு தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்ததாச் சொல்றாங்க. 2023ல புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. அதுலருந்து எங்க ஆளுகளும் கொஞ்சம் நிமிந்துதான் நடக்குறாங்க.

நீ மட்டும் நிமிந்து நடக்காத. பந்தல் ஒசரம் அம்புட்டுதான், நீயோ நெட்டையன். கல்தூணு நட்டுக் கம்பி இழுத்துக் கொடி படந்திருக்கும், தலைக்கு நேரா கொலை தொங்கும். பழத்து மேல சாம்பல் பூத்தாப்புல ஒரு வெள்ளைப் படலம் இருக்கும், அதைப் பாத்து மருந்துன்னு பயந்துறாத, பழத்தோட சொந்தப் பூச்சு அது. விரலால தேச்சா உள்ளே கருநீலம் தெரியும். மருந்தும் அடிச்சுத்தான் இருப்பாங்க, அது கண்ணுக்குத் தெரியாது, அதனால கழுவித் தின்னு. ரெண்டு விரல்ல பிதுக்குனா சதை வழுக்கி வாய்க்குள்ள ஓடும், கொட்டையைத் துப்பணும். கொட்டையில்லாத திராட்சைதான் வேணும்னா உங்க பெங்களூரு ஏசிக் கடையிலயே கிடைக்கும். வாசம் கிடைக்காது.

தீபாவளிக்கு இங்கயும் வராத. மழை கொட்டுற நாளு, பழுத்த பழம் தண்ணி குடிச்சு வெடிச்சுரும். வெடிச்ச பழத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிற தோட்டக்காரன்கிட்டப் போயி ‘அண்ணே, ஒரு செல்பி’ன்னு கேட்டியன்னா, அப்புறம் எந்த ஆசுபத்திரின்னு நான் தேடணும்.

ஒயினைப் பத்தி உன் பொஞ்சாதி போனமாசம் ஒரு மணி நேரம் பாடம் எடுத்துச்சு. கிளாஸை ஆட்டணும், மூக்கை விட்டு மோந்து பாக்கணும், அப்புறம் ஒரு வாய் வச்சு, ‘பிளம் வாசம் வருது, ஓக் மரம் வாசம் வருது’ன்னு சொல்லணும். நான் சிரிச்சேன்னு அதுக்குக் கோவம். ஆனா விசயம் இல்லாம இல்ல. ஆட்டுனா காத்துப் பட்டு வாசம் மேல ஏறும், பாதி ருசி மூக்குலதான இருக்கு. சாப்பாட்டோட சேத்து, பேசிக்கிட்டு, மெதுவாக் குடிக்கிற பழக்கம் நல்ல பழக்கம்தான். நம்ம ஆளுக சந்துக்குள்ள நின்னுக்கிட்டே மடக்குனு ஊத்திட்டு ஊறுகாயை நக்குறதுக்கு மரத்தை மோந்து பாக்குறது ஆயிரம் தேவலை.

சரி, தீபாவளிக்கு மழைன்னு சொன்னேன்ல, அதனால அன்னைக்கு வீட்டுல இருந்து அதிரசம் தின்னு. பொங்கலுக்கு லீவு கேளு. ஜனவரி 15 பென்னிகுவிக் பொறந்தநாளு. 1895ல பெரியாறு அணையைக் கட்டி முடிச்சுத் தண்ணியைக் கிழக்க திருப்பிவிட்ட வெள்ளைக்காரரு. இந்தப் பந்தலெல்லாம் நிக்கிறது அந்தத் தண்ணியிலதான். அன்னைக்கு லோயர்கேம்ப் மணிமண்டபத்துலயும் ஊரு ஊருக்கும் அவருக்குப் பொங்கல் வைப்போம். அந்தப் பொங்கலைத் தின்னுட்டுத் திராட்சையைத் தின்னா, எதைத் திங்குறோம்னு உனக்கே வெளங்கும்.

ஆனா 14ஆம் தேதி குமுளி மலை ஏறிறாத. மகரவிளக்குக் கூட்டம் முழுக்க அந்த ரோட்டுலதான் நிக்கும். இருமுடிக்காரங்க சரணம் சொல்லிக்கிட்டுப் போற பாதையில கள்ளுக்கடைக்கு வழி கேட்டியன்னா ஐயப்பன் மன்னிச்சாலும் குருசாமி மன்னிக்க மாட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு ஏறு. குமுளி, குட்டிக்கானம், முண்டக்கயம், கோட்டயம். அங்கருந்து குமரகம் பக்கத்துலதான்.

அங்க கள்ளு தென்னங்கள்ளு, வருசம் பூராவும் உண்டு, சட்டமும் தடுக்காது. கள்ளுக்கு நாள் கணக்கு இல்ல, மணிக் கணக்கு. காலையில எறக்குனது இனிக்கும், மத்தியானம் கிறுகிறுக்கும், பொழுது சாஞ்சா புளிக்கும், மறுநாளு காடி. காத்துல இருக்கிற ஈஸ்ட்டே வேலையைப் பாத்துரும், யாரும் எதுவும் கலக்க வேணாம். கலக்குற கடையும் உண்டு. கூட்டம் எந்தக் கடையில சாப்பாட்டுக்குச் சேருதுன்னு பாத்துப் போ, வெறும் கள்ளுக்குச் சேருற கடைக்குப் போகாத. நான் குடிக்கிறதில்ல பேராண்டி. அந்தப் பக்கம் ஏலக்கா யாவாரத்துக்குப் போறப்ப பாத்துருக்கேன், அம்புட்டுதான்.

உக்காந்ததும் பாட்டிலைக் கேக்காத. மொதல்ல கப்பை கேளு. நம்ம மரவள்ளிக்கிழங்குதான். திருவிதாங்கூரை 1880லருந்து 1885 வரைக்கும் ஆண்ட விசாகம் திருநாள் மகாராசா சனங்க பட்டினி தீரப் பரப்பிவிட்ட கிழங்குன்னு சொல்வாங்க. வெந்த கப்பைக்குக் காந்தாரி மிளகா சம்மந்தி, நம்ம துவையல் மாதிரி. தொட்டு வச்சதும் காதுல புகை வரும், அப்பக் குடிக்கிற மொத மடக்குக் கள்ளுக்குத்தான் ருசி. அடுத்து மீன் கறி. குடம்புளி போட்டு மண்சட்டியில வச்சது. ‘நேத்து வச்ச கறி இருக்கா சேட்டா’ன்னு கேளு. இருந்தா உனக்கு யோகம், இன்னைக்கு வச்சதைவிட அதுதான் நிக்கும். கரிமீன் கேரளாவுக்கு மாநில மீனு, 2010லருந்து. மசாலா பூசி, வாழையிலையில சுத்தி, கல்லுல போட்டுச் சுட்டுத் தருவாங்க. இலையைப் பிரிக்கையில எழும்புற ஆவிக்கே பாதிக் காசு சரியாப்போச்சு. முள்ளு அதிகம். ஒரு கையில போனை வச்சுக்கிட்டுத் தின்னா தொண்டையில நிக்கும். மாநில மீனுன்னு அது மரியாதை பாக்காது.

நல்ல கடை எதுன்னு போன்ல நட்சத்திரம் எண்ணாத. லாரி டிரைவரைக் கேளு. அதுவும் ‘நல்ல ஓட்டல் எங்க இருக்கு’ன்னு கேக்காத, ஏசி போட்ட எடத்தைக் காட்டுவாரு. ‘நீங்க எங்கண்ணே சாப்பிடுவீங்க’ன்னு கேளு. அப்பத்தான் உண்மை வரும். ஒரு நாளைக்கு ஒரு பெரிய சாப்பாடு போதும். மத்த நேரம் இட்லி. வயிறும் உன்னோட சேந்து லீவுல வந்திருக்கு, அதை மட்டும் ஓவர்டைம் பாக்க வைக்காத.

திரும்பி வரையில கள்ளை வாட்டர் பாட்டில்ல அடைச்சு டிக்கியில ஒளிச்சு வைக்கலாம்னு நினைப்பு வரும். வரத்தான் செய்யும். மூடி போட்டாலும் உள்ள புளிக்கிறது நிக்காது. காத்து முட்டி, செக்போஸ்ட்டுல போலீஸ்காரரு குனிஞ்சு பாக்குற நேரம் பாத்துத்தான் மூடி தெறிக்கும். அதுக்குப் பதிலா குமுளியில ஏலக்கா வாங்கு. பச்சைப்பசேல்னு மின்னுனா சாயமான்னு ஈரத்துணியில தேச்சுப் பாரு. ஒண்ணை உடைச்சா விதை கறுப்பாப் பிசுபிசுன்னு ஒட்டணும். அதை உங்க பாட்டிகிட்டக் குடு.

கடைசியா கணக்குக்கு வருவோம். கள்ளு குடிச்சவன் அந்த மலைப்பாதையில ஸ்டீரிங்கத் தொடக் கூடாது, அதனால வண்டி ஓட்ட உன் பொஞ்சாதி. காசு குடுக்க நீ. ஊத்துனது மரத்துக் கள்ளா, கலக்குன கள்ளான்னு மோந்து சொல்றதுக்கு வெவரம் தெரிஞ்ச ஒரு பெரிய மனுசன் வேணும். அவரு குடிக்க மாட்டாரு. பாத்துருக்காரு, அம்புட்டுதான். பின்சீட்டுல ஜன்னலோரமா ஒரு எடம் போட்டு வையி. உங்க பாட்டி கேட்டா ஏலக்கா வெலை விசாரிக்கப் போறோம்னு சொல்லு. கள்ளுக்கடைன்னு வாயைத் தொறந்தியோ, ஓட்டுறதுக்கும் அவளே வந்து உக்காந்துக்குவா. அப்புறம் நாம மூணு பேரும் குருவாயூர்ல கோயில் பிரசாதம்தான் திங்கணும்.