கணக்கப்பிள்ளை பதில்கள்: பன்னிரண்டாவது ஆள் எங்கே?

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி மஞ்சள். மஞ்சள் சட்டை போடும் கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணி தோற்ற மறுநாள் வண்டிப்பெரியார் சாயாக்கடையில் சர்க்கரை போட்டாலும் சாயா கசக்கிறது. எனவே ஏலக்காய் விலை, எல்லைத் தகராறு, மாமியார் தகராறு எல்லாம் அடுத்த இதழுக்கு.

மஞ்சச்சட்டை, பசுமலை
*பிளாஸ்டர்ஸ் ஏன் இப்படித் தோற்கிறது? ஒரே வரியில் சொல்லுங்கள்.*

பதினோரு பேரை வாங்கத் தெரிந்தவர்களுக்குப் பன்னிரண்டாவது ஆளை வாங்கத் தெரியவில்லை.

மஞ்சச்சட்டையின் தம்பி, அதே லயம்
*அண்ணனுக்கு ஒரு வரி போதும். எனக்குக் கணக்கு வேண்டும்.*

கணக்கப்பிள்ளையிடம் கணக்குக் கேட்டால் விடுவேனா? 2023 டிசம்பர் கடைசி வாரம். கொல்கத்தாவில் போய் மோகன் பகானை 1-0 என்று வென்றார்கள். 12 ஆட்டத்தில் 26 புள்ளி, ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக் பட்டியலில் முதலிடம். கோப்பை ஊர்வலத்துக்கு எந்த ஜீப்பைக் கேட்பது என்று இங்கே சண்டையே வந்தது. மீதி இருந்தது 10 ஆட்டம். அதில் கிடைத்தது 7 புள்ளி. மொத்தம் 33, ஐந்தாம் இடம், பிளே-ஆஃபில் ஒடிசாவிடம் தோல்வி.

என்ன ஆயிற்று? ஜோஷ்வா சொட்டிரியோ பருவம் தொடங்கும் முன்பே காயம். டிசம்பரில் கேப்டன் அட்ரியன் லூனாவின் முழங்கால் போனது. ஜனவரியில் குவாமே பெப்ரா. அப்புறம் கோல்கீப்பர் சச்சின் சுரேஷின் தோள். ஆள் விழுவது விதி. விழுந்த இடத்தில் நிற்க ஆள் இல்லாதது நிர்வாகம்.

அணைக்காவலன், வல்லக்கடவு
*லூனா ஒருத்தர் நின்றிருந்தால் போதாதா, சார்?*

முல்லைப் பெரியாறு அணைக்கே பக்கத்தில் ஒரு பேபி அணை இருக்கிறது. லூனாவுக்கு ஒரு பேபி லூனா வேண்டாமா?

ரெண்டாம் நம்பர் ஃபீல்டு, பீருமேடு
*வெளிநாட்டு ஆட்டக்காரர்களை இன்னும் நாலு பேர் இறக்கினால் தீர்ந்தது. எதற்கு இவ்வளவு பேச்சு?*

இறக்க முடியாது. ஆறு பேரைத்தான் ஒப்பந்தம் செய்யலாம், களத்தில் நாலு பேர்தான் நிற்கலாம் என்பது ஐ.எஸ்.எல். விதி. மிச்சம் ஏழு பேர் இந்தியர்கள். அந்த ஏழு பேருக்கு மாற்று யார் என்பதில்தான் கோப்பை இருக்கிறது. நாம் விமான நிலையத்துக்கு மாலையோடு போவது அந்த நாலு பேரை வரவேற்க. தோற்பது இந்த ஏழு பேருக்குப் பின்னால் காலியாகக் கிடக்கும் பெஞ்சால்.

கொழுந்துக்கூடை, ஏலப்பாறை
*நல்ல ஆட்டக்காரர் எல்லாரும் ஏன் நம்மை விட்டுப் போகிறார்கள்?*

நம் தேயிலை கொச்சி ஏலத்துக்குப் போகும். பிளாஸ்டர்ஸின் கொழுந்து மட்டும் கொல்கத்தா ஏலத்துக்குப் போகிறது. 2023-ல் கண்ணூர்ப் பையன் சகல் அப்துல் சமத் மோகன் பகானுக்கு. அதே வருஷம் கோல்கீப்பர் பிரப்சுகன் கில் ஈஸ்ட் பெங்காலுக்கு. 2024-ல் ஜீக்சன் சிங்கும் ஈஸ்ட் பெங்காலுக்கு. 13 கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கிய திமித்ரியோஸ் தியாமந்தகோசும் அதே வீட்டுக்கு. 2025 ஜனவரியில் கே.பி. ராகுல் மட்டும் வழி மாறி ஒடிசா போனார்.

சந்தேகச் சாமி, குமுளி
*விற்பது தப்பா? உலகம் முழுக்க விற்கத்தானே செய்கிறார்கள்?*

தப்பே இல்லை. கவாத்து வெட்டாத தேயிலை மரமாகிவிடும், கொழுந்து கைக்கு எட்டாது. ஆனால் எந்தத் தோட்டத்திலாவது மொத்தக் காட்டையும் ஒரே வருஷத்தில் கவாத்து செய்து பார்த்திருக்கிறீர்களா? நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை, ஃபீல்டு ஃபீல்டாகப் பிரித்து வெட்டுவார்கள். வெட்டிய ஃபீல்டு சில மாதம் கொழுந்து தராது. அந்த நேரத்தில் பக்கத்து ஃபீல்டு கூலி கொடுக்கும். செத்த செடி இருந்த குழியில் நாற்று நடுவார்கள். அந்த நாற்று நேற்று வாங்கியதல்ல, மேடையில் முன்கூட்டியே வளர்த்தது.

பிளாஸ்டர்ஸ் முன்வரிசையை ஒரு வருஷம் வெட்டுகிறது, நடுவரிசையை மறு வருஷம் வெட்டுகிறது. குழி மட்டும் அப்படியே இருக்கிறது. ஆட்டக்காரரை விற்றதற்குக் கோபப்படாதீர்கள். குழியைப் பார்த்துக் கோபப்படுங்கள்.

விசில், பாம்பனார்
*எல்லாம் பயிற்சியாளர் தப்பு. மாற்றினால் சரியாகிவிடும்!*

மாற்றித்தான் பார்த்தார்களே! 2024-25 பருவத்துக்கு சுவீடனிலிருந்து மிக்கேல் ஸ்டாரே வந்தார். 12 ஆட்டத்தில் 3 வெற்றி, 2 சமன், 7 தோல்வி, 11 புள்ளி. டிசம்பர் 16-ல் வீட்டுக்கு அனுப்பினார்கள். மீதி 12 ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டது, கூடவே இருந்த உதவிப் பயிற்சியாளர் டி.ஜி. புருஷோத்தமன். 5 வெற்றி, 3 சமன், 18 புள்ளி. கூட்டினால் 29, எட்டாம் இடம்.

முதல் பாதியிலும் 18 எடுத்திருந்தால் 36 ஆகியிருக்கும். ஆறாம் இடம் பிடித்து பிளே-ஆஃப் போன மும்பை சிட்டிக்கும் அதே 36 தான். ஆக, உங்கள் கட்சியிலும் நியாயம் இருக்கிறது: பயிற்சியாளரும் தப்புத்தான். ஆனால் அடுப்படியில் இருந்த ஆளை விட்டுவிட்டு ஏழு கடல் தாண்டித் தேடப் போனது யார்? பயிற்சியாளரை மாற்றினால் ஒருத்தர்தான் பெட்டி கட்ட வேண்டும். நிர்வாகம் மாறினால் பலர் கட்ட வேண்டும். சுலபமானதைச் செய்தார்கள்.

பொறுமைசாலி, முண்டக்கயம்
*ஒரு பயிற்சியாளரைக்கூட நிம்மதியாக இருக்க விட்டதில்லையா?*

2014-ல் கிளப் தொடங்கியதிலிருந்து 2021 வரை யாரும் இரண்டு முழுப் பருவம் நின்றதில்லை. அப்புறம் வந்த இவான் வுகோமனோவிச் மூன்று பருவம் நின்றார், மூன்றிலும் பிளே-ஆஃப் கண்டார். நிற்க விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. 2024 ஏப்ரலில் அந்தச் சாட்சியையும் அனுப்பிவிட்டார்கள்.

நாலு கோடி, வண்டன்மேடு
*அந்த இவான்தானே 2023-ல் பெங்களூருவில் அணியைக் களத்திலிருந்து கூட்டிக்கொண்டு போனார்?*

அவரேதான். சுனில் சேத்ரி சட்டென்று அடித்த ஃப்ரீ கிக்கை ஒப்புக்கொள்ளாமல் வெளியேறினார்கள். அபராதம் 4 கோடி ரூபாய், இவானுக்கு 10 ஆட்டம் தடை. நம் மானம் காப்பாற்றப்பட்டது என்று அன்று நானும் விசில் அடித்தேன். பிறகு யோசித்தேன்: 4 கோடிக்குப் பெஞ்சில் உட்கார எத்தனை நல்ல ஆட்டக்காரர் கிடைத்திருப்பார்கள்!

கம்பத்து மாப்பிள்ளை, கம்பம்
*தமிழனாக இருந்துகொண்டு சென்னையினை விட்டுவிட்டு மலையாளத்து அணிக்குக் கத்துகிறீர்களே, மச்சான்?*

ரேஷன் அட்டை கேரளம், பாட்டு பண்ணைப்புரத்து இளையராஜா, கோல் அடித்தது உருகுவேயின் லூனா. எங்களை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள், மாப்பிள்ளை? சென்னையினுக்கு இரண்டு கோப்பை இருக்கிறது, 2015-ம் 2018-ம். எங்களுக்குத் தோற்ற இறுதி ஆட்டங்களே மூன்று. புகுந்த வீட்டில் கஷ்டம் என்பதற்காகப் பொண்ணு பிறந்த வீட்டுக்கு ஓடிவிடுவதில்லையே!

ஞாபகசக்தி, ஏலப்பாறை
*அந்த மூன்றையும் ஒருமுறை சொல்லி அழ வையுங்கள்.*

2014: நவி மும்பையில், கடைசி நேரத்தில் கொல்கத்தாவின் முகமது ரஃபீக் தலையால் முட்டினார். 2016: நம் கொச்சியிலேயே, அதே கொல்கத்தாவிடம் பெனால்டியில். 2022: கோவாவில் ஐதராபாத்திடம், மறுபடியும் பெனால்டியில். துடைத்துக்கொள்ளுங்கள்.

கோழிக்கோடன், தற்சமயம் குமுளி
*எங்கள் கோகுலம் கேரளா இரண்டு தடவை ஐ-லீக் வென்றது, தெரியுமா?*

தெரியும். 2021, 2022. அதனால்தான் உங்கள் கடிதத்தைக் கடைசியில் பிரித்தேன்.

தோசைக்கல், வண்டிப்பெரியார்
*பிளாஸ்டர்ஸ் தோற்றால் என் வீட்டுக்காரர் ராத்திரி சாப்பிடுவதில்லை. என்ன செய்யலாம், அண்ணா?*

கவலைப்படாதே தங்கச்சி. மூன்று இறுதி ஆட்டம் தோற்ற அணியையே விடாதவர், உன்னையும் விடமாட்டார். சோற்றில் தண்ணீர் ஊற்றி வை. விடியும்போது பசி ஜெயிக்கும்.

கலூர் கேலரி, கோட்டயம் ரோடு
*2024 டிசம்பரில் மஞ்ஞப்பட ரசிகர்கள் இனி டிக்கெட் வாங்கமாட்டோம் என்று அறிவித்தார்கள். சொந்த அணிக்கு இப்படிச் செய்யலாமா? எனக்கும் என் நண்பனுக்கும் இதில் பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது.*

முதலில் நண்பனோடு பேசுங்கள். பேச்சு நின்றால் டிக்கெட்டைப் பங்கு போட ஆள் கிடைக்காது.

2000-ஐ ஒட்டி, இந்தப் பீருமேடு பக்கம் தோட்டத்தை அப்படியே போட்டுவிட்டுப் போன முதலாளிகளைப் பார்த்தவர்கள் நாம். சம்பளப் பாக்கிக்காகக் கொடி பிடித்தவர் யாரும் தேயிலைச் செடியைப் பிடுங்கிப் போடவில்லை. செடி வேறு, தொரை வேறு என்று அவர்களுக்குத் தெரியும். மஞ்ஞப்பட செய்ததும் அதுதான். ஆட்டக்காரரைத் திட்டவில்லை, டிக்கெட் காசை நிறுத்தினார்கள். அந்த ஆகஸ்டிலேயே ஆள் எடுப்பதில் ஏன் இந்தத் தாமதம் என்று கேட்டவர்களும் அவர்களே. கேட்டபோது பதில் வந்திருந்தால் டிசம்பர் வந்திருக்காது.

உங்கள் நண்பருக்கும் ஒரு வார்த்தை. இங்கிருந்து கோட்டயத்தில் இறங்கி பஸ் மாறிக் கொச்சி போகிறவன், ஒருநாள் கூலியையும் ஒரு ராத்திரித் தூக்கத்தையும் சேர்த்துத்தான் டிக்கெட் வாங்குகிறான். போகிறவனும் அணிக்காகத்தான் போகிறான், போகாதவனும் அணிக்காகத்தான் போகவில்லை.

குத்தகைதாரர், தேக்கடி
*பயிற்சியாளர்கள் போகிறார்கள். 2020-ல் வந்த ஸ்போர்ட்டிங் டைரக்டர் கரோலிஸ் ஸ்கின்கிஸ் ஸ்டாரேயோடு போகவில்லையே?*

1886-ல் நம் அணைக்குப் போட்ட குத்தகை 999 வருஷம். அதைப் பார்த்து எழுதிய ஒப்பந்தமோ என்னவோ! ஆனால் நியாயத்தையும் சொல்ல வேண்டும். லூனா வந்தது, வாஸ்கஸ் வந்தது, தியாமந்தகோஸ் வந்தது எல்லாம் அவர் காலத்தில்தான். கண் நல்ல கண். ஆனால் முதல் பதினொன்றோடு அந்தக் கண் மூடிக்கொண்டது.

மட்டைக்காரன், கோவில்பட்டி
*எப்போது பார்த்தாலும் கால்பந்துதானா? எங்கள் ஹாக்கியைக் கொஞ்சம் கவனியுங்கள், அண்ணாச்சி.*

கவனிக்காமல் இருப்போமா? நிர்வாகம் ஓர் அணியை எப்படிக் கெடுக்கும் என்பதற்குப் பாடப் புத்தகமே ஹாக்கிதான். 1998-ல் தன்ராஜ் பிள்ளை தலைமையில் பாங்காக்கில் ஆசியத் தங்கம், 32 வருஷத்துக்குப் பிறகு. பரிசு என்ன தெரியுமா? தன்ராஜையும் வேறு சில மூத்தவர்களையும் பயிற்சியாளர் எம்.கே. கௌசிக்கையும் சேர்த்து வெளியே அனுப்பினார்கள். பத்து வருஷத்தில், 2008-ல், சிலியின் சாண்டியாகோவில் பிரிட்டனிடம் தோற்று, 80 வருஷத்தில் முதல்முறையாக ஒலிம்பிக்குக்கே போக முடியவில்லை.

எழுந்த கதையும் அங்கேதான் இருக்கிறது. 2018-லிருந்து ஒடிசா அரசு பணத்தோடு நின்றது. ஹாக்கியில் ஓர் ஆட்டத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம். பெஞ்சும் ஓடாவிட்டால் கடைசிக் கால் மணி நேரத்தில் நாக்குத் தள்ளிவிடும். டோக்கியோவில் வெண்கலம், பாரிஸில் மறுபடி வெண்கலம். இரண்டிலும் கோல் வாசலில் நின்றவர் நம் எறணாகுளம் கிழக்கம்பலத்து ஸ்ரீஜேஷ். ஓய்வு பெற்றதும் அவர் போன இடம் கவனிக்க வேண்டியது: ஜூனியர் அணிக்குப் பயிற்சியாளராக. 2025-ல் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையில் அந்தப் பையன்களுக்கு வெண்கலம். நாற்று மேடை என்று நான் கத்துவது இதைத்தான், அண்ணாச்சி.

பங்குச் சந்தை, கட்டப்பனை
*ரசிகர்களே கிளப்பை வாங்கிவிட்டால்?*

ஜெர்மனியில் பெரும்பாலான கிளப்புகளில் பாதிக்கு மேல் ஓட்டு உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்று விதியே உண்டு. இங்கே அப்படி வந்தால் முதல் பொதுக்குழு முடிவதற்குள் மூன்று கட்சியாகப் பிரிந்து, நாலாவது கட்சி கோர்ட்டுக்குப் போயிருக்கும். ஆனாலும் நிர்வாகக் கூட்டத்தில் ரசிகனுக்கு ஒரு நாற்காலி போடலாம். டெண்டுல்கர் உட்கார்ந்துவிட்டு 2018-ல் எழுந்துபோன நாற்காலி எங்காவது காலியாகத்தான் இருக்கும்.

பூட்ஸ் இல்லாதவன், மூணாறு
*நம் லயத்துப் பையன்களை யாராவது வந்து பார்ப்பார்களா?*

உங்கள் ஊரில் எஸ்டேட் அணிகள் மோதும் ஃபின்லே ஷீல்டு வெள்ளைக்காரர் காலத்திலிருந்து நடக்கிறது. மழையிலும் சேற்றிலும் தொண்ணூறு நிமிஷம் ஓடுகிற பையனுக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற பையன்தான் ஐ.எம். விஜயன் ஆனான். லட்சத்தீவு இரட்டையர் அய்மனையும் அஸ்ஹரையும் கண்டுபிடித்து வளர்த்தது இதே பிளாஸ்டர்ஸ்தான். கடல் தாண்டிப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு மலை ஏறத் தெரியாதா? வண்டிப் பெட்ரோலுக்கு வேண்டுமானால் இங்கே உண்டியல் வைக்கிறோம்.

மஞ்சச்சட்டை, பசுமலை (மறுபடியும்)
*எல்லாவற்றுக்கும் குறை சொன்னீர்கள். ரசிகனே பன்னிரண்டாவது ஆள் என்று அவர்கள் நம்மைப் பாராட்டுகிறார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?*

அந்தப் பாராட்டில்தான் ஏமாந்தோம், தம்பி. பன்னிரண்டாவது ஆள் ஏற்கெனவே கேலரியில் இருக்கிறானே என்று பெஞ்சில் ஆள் போடாமல் விட்டுவிட்டார்கள். அந்த நம்பரை நல்ல பையன் ஒருத்தனுக்குக் கொடுக்கச் சொல். நாம் பதிமூன்றாவது ஆளாக உட்கார்ந்துகொள்வோம். கத்துவதற்கு எந்த நம்பராக இருந்தால் என்ன?