கூடும்... கூடாது!

ஆர்சனிக் கலந்த தண்ணீரைக் குடிக்கலாம் என்று எந்த அரசாவது சொல்லுமா?

எவ்வளவு வரை குடிக்கலாம் என்று பெரும்பாலான அரசுகள் சொல்கின்றன! லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் ஆர்சனிக் இருக்கும் தண்ணீர் மேற்கு வங்கத்தில் 'கூடாது'. எல்லை தாண்டி பங்களாதேஷ் போனால் அதே தண்ணீர் 'கூடும்'. இந்தியாவின் வரம்பு 10, அங்கே 50. உலக சுகாதார நிறுவனம் 1993-லேயே 10 என்றது. அமெரிக்காவும் 1942 முதல் 50-லேயே இருந்தது. 2001-ல் 10 ஆக்கி, 2006-ல்தான் கட்டாயமாக்கியது. ஈரலுக்கும் நுரையீரலுக்கும் பாஸ்போர்ட் உண்டா என்ன?

வேதனை என்னவென்றால், குளத்து நீரைக் குடித்து வயிற்றுப்போக்கில் சாகும் குழந்தைகளைக் காப்பாற்றத்தான் பங்களாதேஷில் ஊர் ஊராகக் குழாய்க் கிணறு போட்டார்கள். அந்தக் கிணறுகள் பலவற்றின் நீரில்தான் ஆர்சனிக் இருந்தது. அந்த விஷத்துக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்ற வற்ற இன்னும் செறியும். அதனால் 2000-க்குப் பிறகு சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, அடிபம்பின் வாயில் பெயின்ட் அடித்தார்கள். சிவப்பென்றால் குடிக்காதே, பச்சையென்றால் குடி. அந்த 30 மைக்ரோகிராம் கிணற்றுக்கும் பச்சைதான். பல பம்புகளில் இன்று அந்தப் பெயின்ட்டும் உதிர்ந்துவிட்டது. குடம் நிரப்ப வருகிற பெண் எதைப் பார்த்து முடிவெடுப்பாள்?