1500 சிசிக்கு அப்பால்: பழைய பெரிய இன்ஜின் கார் வளர்ப்பு குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

சோழர் காலக் குதிரை வணிகம் பற்றி நூல்கள் உண்டு. கோயில் தேரின் அச்சு பற்றிக் கட்டுரைகள் உண்டு. திருவனந்தபுரத்தில் கரமனையிலும் மணக்காட்டிலும் பேரூர்க்கடையிலும் வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கும் கான்டெசா கார்களைப் பற்றி மட்டும் அறிஞர் உலகம் வாய் திறக்கவில்லை. உரிமையாளர்களைக் கேட்டால், ஒருவர் பாக்கியில்லாமல் “வண்டி சூப்பரா ஓடுது” என்கிறார்கள். எங்கே ஓடுகிறது என்று மேற்கொண்டு கேட்டால் பேச்சு மழையின் பக்கம் திரும்பிவிடுகிறது. அந்த ‘எங்கே’தான் இவ்வாய்வின் வினா. ஆய்வாளரிடமும் ஒரு கான்டெசா இருப்பதால் அவருடைய நடுநிலையைச் சிலர் சந்தேகிக்கலாம். கள ஆய்வு முழுவதும் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸில் போய் நடத்தப்பட்டது என்பதால் அக்குறை பெருமளவு நீங்குகிறது.

2. வரையறை

பெரிய இன்ஜின் என்பது எவ்வளவு பெரியது? அமெரிக்கரைக் கேட்டால் ஐந்து லிட்டரில் தொடங்குவார். மாருதி 800-இன் 796 சிசியில் குடும்பமே குருவாயூர் போய்வந்த நமக்கு அந்த அளவுகோல் ஆகாது. இதற்கு இந்திய மரபில் தெளிவான விடை தருவது காப்பீட்டுக் கட்டண அட்டவணை ஒன்றே. 2022 ஜூன் 1 முதல் தனியார் கார்களுக்கான மூன்றாம் நபர் காப்பீடு ஆண்டுக்கு 1000 சிசி வரை 2094 ரூபாய். 1500 சிசி வரை 3416 ரூபாய். அதற்கு மேல் எதுவானாலும் 7897 ரூபாய். ஆகவே 1500 சிசியைத் தாண்டியது பெரிய இன்ஜின். தாண்டியவருக்கு இது சொல்லாமலே தெரியும்.

கான்டெசாவின் வரலாறு இந்த எல்லையின் இரு பக்கமும் நடக்கிறது. பிரிட்டனின் வாக்ஸ்ஹால் நிறுவனம் 1970களில் செய்துவந்த காரின் அச்சுகளை வாங்கி, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1984-இல் இதை இறக்கியது. உடம்பு வாக்ஸ்ஹால்; உள்ளே இருந்ததோ அம்பாசிடரின் 1489 சிசி இன்ஜின். அது ஏற்றத்தில் பட்ட பாட்டைப் பார்த்து, சில ஆண்டுகளில் ஜப்பானின் இசுஸு வடிவமைத்த 1817 சிசி இன்ஜினை வைத்தார்கள். 2002-இல் உற்பத்தி நின்றது. பழைய இன்ஜினுக்கும் புதியதற்கும் வித்தியாசம் 328 சிசி. இன்றைய காப்பீட்டில் வித்தியாசம் 4481 ரூபாய். அதாவது கூடுதல் சிசி ஒன்றுக்கு ஆண்டுக்கு 13 ரூபாய் 66 காசு. சிசியைச் சில்லறையில் விற்கும் ஒரே இடம் இதுதான்.

தமிழ்நாடும் இத்துறையில் பின்தங்கவில்லை. சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற காரைக் கொண்டுவந்தது. ரோவர் காரின் அழகான உடம்பு, பழைய வான்கார்டு பரம்பரையில் வந்த 1991 சிசி இன்ஜின். மூன்றாண்டில் கடை மூடியாயிற்று. அது தனி ஆய்வுக்குரியது. 

3. முன்னோர் சான்று

திருவனந்தபுரத்தில் பழைய பெரிய காரை வளர்க்கும் வழக்கத்துக்கு அரச சான்று இருக்கிறது. திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 1950களின் மெர்சிடிஸ் பென்ஸ் 180 ஒன்றைக் கடைசி வரை விடாமல் வைத்திருந்தார். பதிவு எண் சி.ஏ.என். 42. புதுக் கார்கள் தருகிறோம், இதைக் கொடுங்கள் என்று நிறுவனமே கேட்டும் அவர் கொடுக்கவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. அந்த பென்ஸின் இன்ஜின் 1767 சிசி. இசுஸு கான்டெசா 1817. அரண்மனைக்கும் கரமனைக்கும் இடையே 50 சிசிதான் வித்தியாசம், அதுவும் கரமனைக்குச் சாதகமாக. இச்செய்தியை ஆய்வாளர் வீட்டில் பலமுறை சமர்ப்பித்தும் ஏற்பு கிடைக்கவில்லை.

4. வாங்குதல்: வாய்மொழித் தரவுகளின் நம்பகத்தன்மை

இந்நகரில் விற்பனைக்கு வரும் பழைய பெரிய கார்கள் இரண்டே வகை. ஒன்று டாக்டர் ஓட்டியது; மற்றது கல்ஃப்காரர் வாங்கி போர்ட்டிகோவில் மூடி வைத்தது. “ஒரு கொழப்பமும் இல்ல அண்ணாச்சி, டாக்டர் வண்டியாக்கும்” என்கிற புரோக்கர் பொய் சொல்கிறார் என்று ஆய்வாளர் கருதவில்லை. ஆனால் டாக்டர் ஓட்டியதாகச் சொல்லப்படும் வண்டிகளைக் கூட்டிப் பார்த்தால், மெடிக்கல் காலேஜில் நோயாளியைப் பார்க்க ஒருவரும் மிஞ்சியிருக்க முடியாது.

வாய்மொழியைச் சரிபார்க்கப் பரிந்துரைக்கப்படும் கருவி காந்தம். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் சின்னக் காந்தம் போதும். அதைக் கைக்குட்டையில் சுற்றி, சக்கரத்துக்கு மேல் வளைவிலும் கதவின் அடிவிளிம்பிலும் நகர்த்த வேண்டும். தகடு இருக்கும் இடத்தில் பிடிக்கும். பட்டி பூசி மெழுகிய இடத்தில் வழுக்கி விழும். ஜூன் தொடக்கத்தில் வரும் மழையும் சங்குமுகம் கடல் காற்றும் முப்பது ஆண்டுகளாகச் சேர்ந்து வேலை பார்த்த ஒரு வண்டியில், காந்தம் நான்கு இடத்தில் நின்றால் பேரம் பேசலாம். கூரையில் மட்டும் நின்றால் கூரையை மட்டும் விலைக்குக் கேட்கலாம். புது வண்டியைப் பழவங்காடி கணபதி கோயிலுக்குக் கொண்டுபோய்த் தேங்காய் உடைப்பது ஊர் வழக்கம். இவ்வகை வண்டிக்கும் அது பொருந்தும். ஆனால் காந்தத்துக்கு முன்பே உடைப்பது நல்லது.

5. எரிபொருள்: எல்லைக் கோட்பாடு

கேரளம் 2023 ஏப்ரலில் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு வரி போட்ட பின், இந்நகரில் பெட்ரோல் 109 ரூபாயைத் தாண்டியது. பாறசாலை கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டு பங்க்கில் போட்டால் லாபம் என்பது கான்டெசா வட்டாரத்தின் பொதுக் கொள்கை. லிட்டருக்கு 5 ரூபாய் குறைவு என்றே வைத்துக்கொள்வோம். 40 லிட்டருக்கு 200 ரூபாய் மிச்சம். போக வர 60 கிலோமீட்டர். நகர நெரிசலில் லிட்டருக்கு 8 கிலோமீட்டர் என்றால் ஏழரை லிட்டர், ஏறக்குறைய 800 ரூபாய். ஆக, 200 மிச்சம் பிடிக்க 800 செலவு. இக்கணக்கை உரிமையாளர் ஒருவரிடம் காட்டியபோது அவர் சற்று யோசித்து, “அங்கன பெட்ரோல் நல்லதாக்கும்” என்றார். 2025-இல் நாடு முழுவதும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின், பழைய ரப்பர் ஹோஸ்களுக்கு எல்லையின் இரு பக்கமும் ஒன்றுதான். பழைய காரின் கார்பரேட்டரைப் பொறுத்தவரை இந்தியா ஒருமைப்பாடு அடைந்துவிட்டது.

6. பராமரிப்பு: ஆசான் மரபு

இவ்வறிவு ஏட்டில் இல்லை, ஆசானிடம் இருக்கிறது. ஓட்டு வேய்ந்த ஷெட், அதன் முன் ஒரு பலா மரம், அதன் அடியில் ஆசான். பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டு, நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை வால்வ் கவரில் வைத்து, பிடியைக் காதில் பொருத்திக்கொள்வார். கண்ணை மூடுவார். நாம் மூச்சை அடக்கிக்கொள்வோம்.

“டாப்பெட் சத்தமாக்கும் அண்ணாச்சி.”

“பயப்படணுமா ஆசான்?”

“கேக்குற வரைக்கும் வேண்டாம். கேக்காம ஆனா வாங்க.”

இது விளையாட்டுப் பேச்சு இல்லை. வால்வ் இடைவெளி கூடினால் சத்தம் வரும்; குறைந்துபோனால் சத்தம் நின்று, வால்வ் முழுதாக மூடாமல் கருகத் தொடங்கும். வேறெந்த வண்டியிலும் அமைதி நல்ல அறிகுறி. இதில் அமைதிக்குத்தான் அஞ்ச வேண்டும். உதிரி பாகம் என்று வரும்போது ஆசான் நாகர்கோவில் என்பார். அங்கே கோயம்புத்தூர் என்பார்கள். அங்கே சென்னை புதுப்பேட்டை. உரிமையாளர் இவ்வூர்களையெல்லாம் ரயிலில் போய்ப் பார்க்கிறார். நாட்டைச் சுற்றிக் காட்டும் வாகனம் என்ற பெயரை கான்டெசா இவ்விதம் காப்பாற்றிக்கொள்கிறது.

7. சட்டமும் வயதும்

தனியார் காருக்குப் பதிவு 15 ஆண்டு. பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அக்கட்டணம் 2022 ஏப்ரலில் 5000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 10,000. கடைசி கான்டெசாவும் 2002-ஐச் சேர்ந்தது என்பதால் யாருக்கும் விலக்கில்லை. போதாததற்கு 2025-26 கேரள பட்ஜெட் 15 ஆண்டு கடந்த கார்களின் வரியை 50 சதவீதம் ஏற்றியது.

ஆனால் காருக்கு 50 வயது ஆனதும் அரசின் மனம் மாறிவிடுகிறது. 2021-இல் வந்த விதிகளின்படி, உருமாற்றம் செய்யாத 50 வயதுக் கார் ‘விண்டேஜ்’. தனி வரிசையில் பதிவு எண். மூன்றாம் நபர் காப்பீட்டில் பாதித் தள்ளுபடி. இன்ஜினைக் கழற்றி வேறு டீசல் இன்ஜின் மாட்டி மைலேஜ் பார்த்தவர்களுக்கு இந்த மரியாதை கிடையாது. ஆக, 15 வயதிலிருந்து 50 வரை 35 ஆண்டு இந்தக் கார் குப்பையும் இல்லை, பொக்கிஷமும் இல்லை. முதல் கான்டெசாவுக்கு விடிவு 2034-இல். கடைசி கான்டெசாவுக்கு 2052-இல். வாங்குபவர் தன் வயதையும் சேர்த்துக் கூட்டிப் பார்ப்பது நலம்.

8. முடிவும் பரிந்துரையும்

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை அதே விதிகளில் கிடைக்கிறது. விண்டேஜ் காரை அன்றாடப் போக்குவரத்துக்குச் சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுதல், பழுதுபார்த்தல் ஆகியவற்றுக்கு மட்டும் எடுக்கலாம். கள ஆய்வில் கண்ட கான்டெசாக்களின் போக்குவரத்தை இத்துடன் ஒப்பிட்டால் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்துகிறது. களியக்காவிளை என்பது பெட்ரோல். ஆசான் ஷெட் பழுதுபார்த்தல். ஞாயிறு காலை வெள்ளையம்பலத்திலிருந்து கவடியார் வரை மெதுவாகப் போய்த் திரும்புவது கண்காட்சி. இக்கட்டுரை தொழில்நுட்ப ஆய்வு. எனவே அரசுக்கு ஒரு பரிந்துரை: 50 வயது வரை காத்திருக்காமல், பெரிய இன்ஜின் பழைய காருக்கு வாங்கிய அன்றே இவ்விதியைப் பொருத்தலாம். காப்பீடு பாதியாகும், யாருடைய அன்றாட வாழ்க்கையும் மாறப்போவதில்லை.