கன்சல்டிங் அண்ணன்

கோவையில் எந்தப் பெரிய சாலையில் போனாலும் இரண்டு கல்யாண மண்டபங்களுக்கு நடுவே பழைய கார் வாங்கி விற்கும் ஒரு கன்சல்டிங் இருக்கும். தகரக் கொட்டகை, சரளைக்கல் தரை, மூக்கைச் சாலைப் பக்கம் நீட்டி நிற்கும் இருபது கார்கள். பலகையில் குலதெய்வத்தின் பெயர், அதற்கடியில் 'ஆட்டோ கன்சல்டிங்'. உள்ளே மேசைக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையில் அண்ணன். கையில் இரண்டு போன். ஒன்றில் வாங்குவார், மற்றொன்றில் விற்பார். இரண்டிலும் பேசுவது ஒரே ஆள்தான் என்று சத்தியம் செய்தாலும் நம்புவது கஷ்டம்.

கேட்டைத் தாண்டி வருகிறவரை அவர் உடனே எழுந்து வரவேற்க மாட்டார். முதலில் பார்ப்பார். வந்தது பைக்கிலா, ஆட்டோவிலா, இன்னொரு காரிலா? கூட வந்திருப்பது மனைவியா, மெக்கானிக்கா? மெக்கானிக் என்றால் டீ ஒன்று சேர்த்துச் சொல்லப்படும், கூடவே வடையும். குழந்தை ஓடிப்போய் ஒரு காருக்குள் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டால், அந்த நிமிடமே அந்தக் காருக்குப் பத்தாயிரம் ஏறிவிடும். எந்தக் கண்ணாடியிலும் அவர் விலை எழுதி ஒட்டுவதில்லை. வருகிறவரைப் பார்க்காமல் வண்டிக்கு எப்படி விலை சொல்வது?

"சிங்கிள் ஓனருங்ணா. டாக்டர் வண்டி. வீடு விட்டா ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி விட்டா வீடு."

இப்படி விற்பனைக்கு நிற்கும் டாக்டர் வண்டிகளை எல்லாம் எண்ணினால் கொங்கு நாட்டில் நோயாளிகளைவிட டாக்டர்கள் அதிகம் என்று தெரியவரும். மிச்சமிருப்பவை 'லேடீஸ் ஓட்டுன வண்டி', அல்லது துபாயில் இருப்பவர் வாங்கி ஷெட்டிலேயே நிறுத்தியது. ஆர்.சி.யைத் திருப்பிப் பார்த்து, ஓனர் சீரியல் 3 என்று இருக்கிறதே என்றால் அண்ணன் அசர மாட்டார். "அது பேப்பர்லதானுங்க மூணு. அப்பா, பையன், மருமக. ஒரே குடும்பம்." 2014-ஆம் வருஷத்து டீசல் வண்டி 48,000 கிலோமீட்டர்தான் ஓடியதாக மீட்டர் சொல்லும். பிரேக் பெடலின் ரப்பரோ வரியெல்லாம் தேய்ந்து வழவழவென்று வேறு கணக்குச் சொல்லும். பெடலைக் குனிந்து பார்க்கிறவர்களை அண்ணனுக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

இதே வண்டி மூன்று வாரத்துக்கு முன்னால் உள்ளே வந்தபோது அவர் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும். அப்போது அது டாக்டர் வண்டி இல்லை, வெறும் பழைய வண்டி. "டீசலை இப்ப யாருங்க கேக்கறாங்க? கலரு வேற செவப்பு. பார்ட்டிக எல்லாம் வெள்ளைதான் கேக்குது." விற்க வந்தவர் கைப்பையிலிருந்து இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து, "ஐ.டி.வி. 5 லட்சம் போட்டிருக்கே" என்று காட்டுவார். அண்ணன் பரிதாபமாகச் சிரிப்பார். "அது வண்டி காணாமப் போனா குடுக்கற விலைங்க. நம்ம வண்டிதான் காணாமப் போகலையே?"

வேடிக்கையாகச் சொன்னாலும் அது உண்மை. வண்டி திருடுபோனாலோ, தேறாது என்கிற அளவுக்கு நொறுங்கிப்போனாலோ இன்சூரன்ஸ் கம்பெனி தரும் உச்சத் தொகைதான் ஐ.டி.வி. அதற்கு ஓர் அட்டவணை உண்டு. ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம் கழியும், ஒரு வருஷத்துக்குள் 15, இரண்டாம் வருஷம் 20, அப்புறம் 30, 40, ஐந்தாம் வருஷத்தில் 50. எந்த மாடல், என்ன கலர், உதிரி பாகம் கிடைக்குமா என்பதெல்லாம் அந்த அட்டவணைக்குத் தெரியாது. அண்ணனுக்கு அதெல்லாம்தான் தெரியும்.

அவருடைய கணக்கு பின்னாலிருந்து முன்னால் வரும். இந்த வண்டி ஐந்தரை லட்சத்துக்குப் போகும் என்று முதலில் மனதில் முடிவாகிவிடும். அதிலிருந்து டிங்கரிங், பெயின்ட் 20,000. நாலு டயர் 20,000. பார்ட்டியைக் கூட்டி வரும் புரோக்கருக்குக் கமிஷன். முடங்கிக் கிடக்கும் பணத்துக்கு மாத வட்டி. ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெயர் மாற்ற, பழைய பைனான்ஸை ரத்து செய்ய ஆகும் செலவு. வாங்குகிறவர் பேரம் பேசி ஜெயித்ததாகச் சந்தோஷப்படுவதற்கென்று தனியாக 25,000. கடைசியில் தன் லாபம். இத்தனையும் போக மிஞ்சுவதே விற்க வந்தவருக்கு அவர் சொல்லும் விலை. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசிய தரகர்களின் அதே கணக்குதான். துண்டு மட்டும் போய் வாட்ஸ்அப் வந்திருக்கிறது.

அண்ணனின் மச்சினன் டை கட்டியவன். புது கார் ஷோரூமில் வேலை. அங்கே எல்லாம் அச்சடித்த காகிதத்தில் இருக்கும். மறைப்பதற்கு அதைவிட நல்ல இடம் வேறில்லை. எக்ஸ்-ஷோரூம் விலையில் டீலருக்குக் கிடைக்கும் பங்கு சொற்பம். குறைந்தது 7 சதவீதமாவது வேண்டும் என்று டீலர்கள் கூட்டமைப்பான ஃபாடா கேட்டு வருகிறது. அதனால் லாபம் கொட்டேஷனின் கீழ் வரிகளுக்குக் குடிபோகிறது. மிதியடியும் மட்ஃபிளாப்பும் சேர்ந்த 'எசென்ஷியல் கிட்', எக்ஸ்டெண்டட் வாரண்டி, ஹேண்ட்லிங் சார்ஜ், வங்கிக் கடனில் வரும் கமிஷன். இன்சூரன்ஸை எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்பது சட்டம். "இங்க போட்டாத்தான் சார் கிளெய்ம் ஈஸி" என்பது மச்சினன். ஹேண்ட்லிங் சார்ஜ் எதற்கு என்று இரண்டு தரம் கேட்டால் அந்த வரியே மறைந்துவிடும். ஒரு தரம் மட்டும் கேட்டவர்கள் கட்டிவிட்டுப் போகிறார்கள்.

சரி, அரசாங்கமும் லேசுப்பட்டதல்ல. 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் ஆயுள் வரி மாற்றப்பட்டபோது, ஐந்திலிருந்து பத்து லட்சம் வரையிலான கார்களுக்கு 13 சதவீதம், பத்தைத் தாண்டி இருபது லட்சம் வரை 18 என்று ஆனது. 9,99,000 ரூபாய் காருக்கு வரி 1,29,870. விலை வெறும் 2,000 ஏறி 10,01,000 ஆனால் வரி 1,80,180. பத்து லட்சத்துக்கு மேல், டீலரே பிடித்துக் கட்டும் டி.சி.எஸ். என்ற வரி 1 சதவீதம் வேறு. அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆனாலும் அன்றைக்குக் கையிலிருந்து போவது போவதுதான். இரண்டாயிரம் ரூபாய் எட்டு வைத்து அறுபதாயிரம் ரூபாய்ப் பள்ளத்தில் விழலாம். இதை முதலிலேயே சொல்லிவிடும் சேல்ஸ்மேன் இருந்தால் அவருக்குச் சிலை வைக்கலாம்.

தள்ளுபடியிலும் ஒரு கூத்து உண்டு. டீலர் தன் பங்கிலிருந்து கூடுதலாகக் குறைத்துக் கொடுப்பதை மாருதி கம்பெனி விரும்பவில்லை. வாடிக்கையாளர் வேஷத்தில் ஆட்களை ஷோரூமுக்கு அனுப்பி, அதிகம் குறைக்கிறார்களா என்று சோதித்து, மாட்டிய டீலர்களுக்கு அபராதம் போட்டது. இது போட்டியைக் கெடுக்கிறது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2021 ஆகஸ்டில் மாருதிக்கே 200 கோடி ரூபாய் அபராதம் விதிக்க, கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது. "பெஸ்ட் ப்ரைஸ் சொல்லுங்க" என்று சிரித்துக்கொண்டு வரும் ஆளைப் பார்த்து மச்சினனின் முகம் வெளுத்தால், அது நடிப்பு என்று சொல்லிவிட முடியாது.

புதுசைவிடப் பழசு விலை அதிகம் என்கிற பொற்காலமும் அண்ணனின் தொழிலில் இருந்திருக்கிறது. பத்மினி, அம்பாசிடர் கார்களுக்கு வருஷக்கணக்கில் காத்திருந்த நாட்களில், டெலிவரி எடுத்த காரை அப்படியே லாபத்துக்கு விற்றார்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 ஏறக்குறைய 48,000 ரூபாய்க்கு வந்தபோது, புக்கிங் சீட்டுக்கே தனி விலை இருந்தது. 2021-இல் சிப் பஞ்சம் அந்தக் காலத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது. அந்த அக்டோபரில் மஹிந்திராவின் எக்ஸ்யுவி 700-க்கு 57 நிமிடத்தில் 25,000 பேர் புக் செய்துவிட்டுக் காத்துக் கிடந்தார்கள். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் கன்சல்டிங் பக்கம் வந்தார்கள். அண்ணன் அப்போதுதான் கொட்டகைக்கு ஏ.சி. போட்டார்.

அவருக்குப் பயமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னை வண்டி என்றாலே முதலில் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்ப்பார், நுனியில் சேற்றுக்கறை இருக்கிறதா என்று. (அவர் விற்கும் வண்டிகளில் சீட் பெல்ட் பளிச்சென்று புதுசாக இருக்கும் காரணத்தை யாரும் கேட்டதில்லை.) டில்லி வண்டி என்றால் மட்டும் பயத்தை ஆசை ஜெயித்துவிடும். டீசல் வண்டிக்குப் பத்து வருஷம்தான் ஆயுள் என்ற கெடு தலைநகரில் வந்த பிறகு, ஒன்பது வயசு ஜெர்மன் கார்கள் அங்கே கொள்ளை மலிவாயின. அதில் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி டில்லி விலையைச் சத்தமாகச் சொல்வார். என்.ஓ.சி. வாங்கி, இங்கே வரி கட்டி, தமிழ்நாட்டு நம்பர் எடுக்கும் செலவைச் சொல்லும்போது மட்டும் தொண்டை கம்மிவிடும்.

2025 செப்டம்பர் 22 அவருக்கு மறக்காது. சின்ன கார்களுக்கு 28 சதவீதமும் செஸ்ஸுமாக இருந்த ஜி.எஸ்.டி. 18 ஆனது. புதுசு இறங்கினால் பழசும் இறங்கித்தான் ஆக வேண்டும். முந்தின மாதம் பணம் கொடுத்து வாங்கிய வண்டிகள் நின்ற இடத்திலேயே இளைத்துப்போயின. ஊரே பட்டாசு வெடிக்காத குறையாகக் கொண்டாடியபோது, அவர் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்து உட்கார்ந்திருந்தார்.

பழைய காருக்கும் ஜி.எஸ்.டி. உண்டு. 2025 ஜனவரியிலிருந்து எல்லா வகைக்கும் 18 சதவீதம். ஆனால் முழு விலைக்கு அல்ல, வாங்கியதற்கும் விற்றதற்கும் நடுவிலுள்ள வித்தியாசத்துக்கு மட்டும். நஷ்டத்துக்கு விற்றால் வரியே இல்லை. இதைக் கேட்டதும் அண்ணனின் முகம் மலர்ந்தது. வந்து போகிற ஒவ்வொரு பார்ட்டியிடமும், "இந்த வண்டில எனக்கு நஷ்டந்தானுங்க, உங்க மொகத்துக்காகக் குடுக்கறேன்" என்று பல வருஷமாகச் சொல்லி வருகிறவர் ஆயிற்றே. ஆடிட்டரிடமும் அதையே சொன்னார்.

ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏனுங்ணா, கஸ்டமர்கிட்டச் சொல்றதை எல்லாம் கணக்குல எழுத முடியுங்களா?"